திண்ணையா, மதிலா?

புதுச்சேரிக்குப் போய் இரண்டு நாள் தங்குவதென்று தீர்மானமானவுடன் எங்கள் வீட்டில் ஒரு வழக்கு எழுந்தது. எந்தப் பழைய மாளிகையில் ஜாகை வைத்துக்கொள்வது? ரோமன் ரோலண்ட் வீதியிலுள்ள 'ஓட்டல் தெ லோரியான்' என்றேன் நான். பெருமாள் கோயில் வீதியிலுள்ள 'மெசோன் பெருமாள்' என்றாள் என் மனைவி. இரண்டும் கைப்பணத்தைக் கரைக்கக் கூடியவையே. ஆகவே செலவைக் காட்டி வழக்கைத் தீர்க்க வழியில்லை.

ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நடந்தே போய்விடலாம். ஆனால் நடுவே ஒரு கால்வாய் இருக்கிறது. பிரெஞ்சுக்காரர் காலத்தில் அதற்குக் கிழக்கே, கடலோரமாக இருந்தது 'வெள்ளை நகரம்'. மேற்கே தமிழர் வாழ்ந்தது 'கறுப்பு நகரம்'. 1761-ல் ஆங்கிலேயர் ஊரைக் கைப்பற்றித் தரைமட்டமாக்கினார்கள். பிறகு ஊர் மீண்டும் எழுந்தபோது, அந்தப் பிரிவினையும் கூடவே எழுந்து நின்றது.

முதலில் என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். கிழக்குப் பக்கத்து மாளிகைகளுக்கு உயர்ந்த மதிலும் பெரிய கதவும் உண்டு. உள்ளே நுழைந்தால் மரநிழல் படிந்த முற்றம், வரிசையாகத் தூண்கள், சாய்ந்த மரச்சட்டங்கள் அமைந்த நீண்ட ஜன்னல்கள் என்று வேறோர் உலகம் தோன்றும். நான் சொன்ன மாளிகையில் ஒரு காலத்தில் பிரெஞ்சு அரசாங்கத்தின் கல்வி இலாகா இருந்தது. பின்னாளில் நீம்ராணா நிறுவனத்தார் அதைப் பழுது பார்த்து விடுதியாக்கினார்கள். வீதியின் பெயரோ, 1924-ல் காந்தியடிகளைப் பற்றி நூல் வெளியிட்ட பிரெஞ்சு ஆசிரியருடையது. ஆகவே அங்கே தங்குவதால் நமது தேசபக்திக்கு ஒரு குறைவும் வராது என்று வாதித்தேன்.

"உங்கள் மாளிகைக்கு மதில் இருக்கிறது, நான் சொல்லும் வீட்டுக்குத் திண்ணை இருக்கிறது" என்றாள் மனைவி. அவ்வளவுதான் அவள் வாதம்.

யோசிக்க யோசிக்க அதில் விஷயம் இருப்பதாகத் தோன்றியது. மதில் வைத்த வீடு தெருவை விலக்கி வைக்கிறது. திண்ணை வைத்த வீடு தெருவை உபசரிக்கிறது. மேற்கு வீதிகளில் வீட்டுக்கு வீடு திண்ணையும், மரத்தூண்கள் தாங்கிய தாழ்வாரமும் இருந்தன. வழிப்போக்கன் வெயிலுக்கு ஒதுங்க யாரையும் கேட்க வேண்டியதில்லை. இன்னொரு வேடிக்கை: அங்குள்ள பல வீடுகளில் கீழ்த்தளம் முற்றமும் தாழ்வாரமுமாகத் தமிழ் முறையில் இருக்க, மாடி மட்டும் பிரெஞ்சு முறையில் அமைந்திருக்கிறது. கால்வாய் பிரித்துவைத்த இரண்டு நாகரிகங்களைக் கொத்தனார்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றிவிட்டார்கள்! ஆங்கில அரசின் பிடிக்குத் தப்பி வந்த பாரதியார் 1908 முதல் 1918 வரை வாழ்ந்ததும் இந்த ஊரில்தான்.

ஆனால் பழைய வீடு தானாக நிற்பதில்லை. சுண்ணாம்புச் சுவரையும் தேக்கு உத்தரத்தையும் ஆண்டுதோறும் கவனிக்க வேண்டும். கடற்கரையிலிருந்த பழைய நகர மண்டபமே 2014 நவம்பரில் மழையில் இடிந்து விழுந்தது. அது கடலைப் பார்த்து நின்ற பெரிய கட்டடம். அரசாங்கம் பழைய வடிவிலேயே கட்டி 2021-ல் திறந்து வைத்தது. உள் வீதியில் விழும் திண்ணை வீட்டுக்கு அந்தப் பாக்கியம் ஏது? பாகப் பிரிவினை வருகிறது; பழுது பார்க்கப் பணமில்லை; வீடு கைமாறுகிறது; மறு வருஷம் அங்கே கான்கிரீட் மாடி நிற்கிறது. வைசியாள் வீதியில் இன்டாக் அமைப்பு முயன்று வீட்டு முகப்புகளைச் செப்பனிட்டது போன்ற அதிர்ஷ்டம் எல்லா வீதிகளுக்கும் வாய்ப்பதில்லை.

நாம் தரும் வாடகை ஒரு கூரையைத் தாங்குமானால், எந்தக் கூரைக்கு அது அதிக அவசரமோ அங்கே தருவதுதான் நியாயம். இந்த எண்ணம் வந்ததும் என் கட்சியை வாபஸ் பெற்றுக்கொண்டேன். பெருமாள் கோயில் வீதியில் இறங்கினோம். மாலையில் கால்வாயைக் கடந்து கிழக்கு வீதிகளையும் ஆசை தீரப் பார்த்தோம். 1954 நவம்பர் முதல் தேதி நிர்வாகம் நம்மிடம் வந்த பிறகு, யாருக்குத்தான் அங்கே தடை?

விடுதியாகிவிட்ட வீட்டுத் திண்ணையில் வழிப்போக்கன் துண்டை விரித்துப் படுக்க முடியாது என்பது உண்மைதான். அந்தக் குறை என் மனத்தில் இன்னும் இருக்கிறது. ஆயினும், திண்ணை இடியாமல் இருந்தால்தானே என்றாவது ஒருநாள் யாராவது அதில் உட்கார முடியும்?