பலகை எழுதினால் போதுமா?

மூணு வருஷமா ரெகார்ட் நோட்டு எழுதியே காலத்தை ஓட்டிய ஆள் நான். டாகுமென்டேஷன் என்றாலே சீனியர் நோட்டைப் பார்த்து எழுதுவதுதான் என்று நினைத்திருந்தேன். போன ஆடி மாசம் அந்த நினைப்பு போயிடுச்சு.

என் மாமா சிவகாசியில் பட்டாசுக் கடை வைத்திருக்கிறார். அங்கே ஆடி 18 அன்று பூஜை போட்டுத்தான் தீபாவளி விற்பனையைத் தொடங்குவார்கள். அதற்குள் புது விலைப்பட்டியல் ரெடியாக வேண்டும். பட்டாசுக்கு ஆன்லைனில் ஆர்டர் எடுக்க 2018-ல் உச்ச நீதிமன்றம் தடை போட்டதால், எங்கள் சைட்டில் விலையும் விவரமும் மட்டும்தான். கம்பி மத்தாப்பில் ஆரம்பித்து 312 அயிட்டம். ஒவ்வொன்றுக்கும் பெயர், பெட்டியில் எத்தனை, விலை, பாதுகாப்புக் குறிப்பு.

"மாப்ள, நீ படிக்கிற படிப்புக்கு இத தானா மாத்துற மாதிரி ஒண்ணு செஞ்சு குடேன்" என்றார் மாமா. செய்தேன். ஏஐ ஏஜென்ட் கூப்பிடுகிற மாதிரி ஒரு பல்க் அப்டேட் டூல். 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் வெளியிட்ட எம்சிபி முறையில் கட்டினேன். அதில் ஒரு டூலுக்கு ஒரு பெயர், ஒரு விளக்கம், என்னென்ன உள்ளீடு என்று ஒரு ஸ்கீமா இருக்கும். ஏஜென்ட் அதை மட்டும்தான் படிக்கும். உள்ளே இருக்கிற கோடு அதன் கண்ணுக்குத் தெரியாது. கோடு எழுத ரெண்டு நாள் ஆனது. விளக்கத்துக்கு ரெண்டு நிமிஷம்: "பொருட்களை மொத்தமாக அப்டேட் செய்யும்." அவ்வளவுதான்.

மாமா ஷீட்டைக் கொடுத்து விலையை மாத்தச் சொன்னார். "312 பொருட்கள் வெற்றிகரமாக மாற்றப்பட்டன" என்று பதில் வந்தது. எனக்கு ஒரு பிரியாணி கிடைத்தது.

ரெண்டு நாள் கழித்து ஒரு வாடிக்கையாளர் போன் பண்ணினார். "சின்னப் பிள்ளைங்க கைல கொடுக்கக் கூடாதுன்னு புஸ்வாணத்துக்குக் கீழ போட்டிருந்தீங்களே, இப்ப காணோமே?" சைட்டைத் திறந்து பார்த்தேன். 312 அயிட்டத்திலும் பாதுகாப்புக் குறிப்பு காலி. ஏஜென்ட் விலையை மட்டும் நிரப்பி, மற்ற புலங்களை வெற்றாக அனுப்பியிருக்கிறது. வெற்று என்றால் "அப்படியே விடு" என்று அது நினைத்தது. என் கோடு அதை "அழித்துவிடு" என்று எடுத்துக்கொண்டது. எது சரி என்று நான் எங்கேயும் எழுதவில்லை. பழைய ஷீட்டில் இல்லாத நாற்பது அயிட்டத்துக்கு, கடையில் உட்கார்ந்து பெட்டி பெட்டியாகப் பார்த்துக் கையால் டைப் அடித்தேன்.

இந்தக் குழப்பம் எனக்கு முன்னாலேயே பலருக்கும் வந்திருக்கிறது. 2014-ல் வந்த ஆர்எஃப்சி 7396 இதைத்தான் தெளிவாக்குகிறது: அனுப்பாத புலம் மாறாது, நல் அனுப்பினால் அந்தப் புலம் நீக்கப்படும். படித்துவிட்டு விளக்கத்தைத் திருப்பி எழுதினேன். எது மாறும், எது மாறாது. வெற்று மதிப்பு அனுப்பாதே. ஒரு தடவைக்கு 25 பொருள்தான். முதலில் டிரை ரன், மாமா வித்தியாசத்தைப் பார்த்துச் சரி சொன்ன பிறகுதான் நிஜ ரன். பாதியில் நின்றால் எது முடிந்தது, எது முடியவில்லை என்று எப்படித் தெரிந்துகொள்வது. எம்சிபியில் 'டெஸ்ட்ரக்டிவ் ஹின்ட்' என்று ஒரு குறிப்பு உண்டு, இந்த டூல் இருப்பதை அழிக்கக்கூடும் என்று சொல்ல. அதையும் போட்டேன்.

பெருமையாகப் பெரியப்பாவிடம் காட்டினேன். அவர் பட்டாசு ஆலையில் போர்மேனாக இருந்தவர். கேட்டுவிட்டு, "எங்க ரூம் வாசல்ல தொங்குற பலகை மாதிரிதான்" என்றார். உள்ளே எத்தனை ஆள் இருக்கலாம், எத்தனை கிலோ மருந்து வைக்கலாம் என்று அதில் எழுதியிருக்கும். "அது எனக்கு இல்லப்பா. எனக்குத்தான் தெரியுமே. இன்னைக்குப் புதுசா வர்றவனுக்கு."

ஏஜென்ட் தினமும் புதுசாக வருகிறவன்தான். நாம் சொல்லிக் கொடுத்தால் ஒழிய, நேற்று நடந்தது அதற்குத் தெரியாது. புது ஆளாவது சந்தேகம் வந்தால், "அண்ணே, இது என்ன?" என்று கேட்பான். இது பல நேரம் கேட்காமல் ஊகித்துவிடும்.

பெரியப்பா விடவில்லை. "25-ன்னு எழுதிட்ட. 300 அனுப்பினா என்ன ஆகும்?"

நான் பேசவில்லை. 300-ம் போகும். எழுதியதோடு சரி, கோடில் தடுக்கவில்லை.

"பலகை இருந்த ரூமும் வெடிச்சிருக்குப்பா" என்றார். மேற்கொண்டு எதுவும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. எங்கள் பக்கம் விபத்து நடந்தால் அளவுக்கு மேல் ஆள், அளவுக்கு மேல் மருந்து என்றுதான் அடிக்கடி செய்தி வரும். அங்கேயும் வாசலில் பலகை தொங்கியிருக்கும்.

அன்று ராத்திரியே கோடை மாற்றினேன். 26-வது பொருள் வந்தால் மொத்தமும் திரும்பிப் போகும். வெற்று மதிப்பு வந்தாலும் அப்படியே. பிழைச் செய்தியையும் மாற்றினேன். முன்னே "தவறான உள்ளீடு" என்று மட்டும் வரும். இப்போது ஏன் தவறு, என்ன செய்தால் சரியாகும் என்றும் சேர்த்துச் சொல்லும். ஏஜென்ட் அதைப் படித்துத் தானே 25, 25-ஆகப் பிரித்து அனுப்புகிறது.

ஹாக்கத்தான், இன்டர்ன்ஷிப் என்று நம்மில் நிறைய பேர் இப்போது ஏஜென்ட் டூல் கட்டுகிறோம். கோடைத் தள்ளிவிட்டு, விளக்கத்தைக் கடைசி ரெண்டு நிமிஷத்துக்கு வைக்காதீங்க. எழுதின ஒவ்வொரு வரிக்கும் பெரியப்பா கேள்வியைக் கேட்டுப் பாருங்க: இதை மீறினா என்ன ஆகும்?