ஏழாம் மாதத்து மூன்று விழாக்கள்

விழா என்றாலே எங்களுக்குக் கொண்டாட்டந்தான். கிறிஸ்து பிறப்புக்குக் குடில் கட்டுவோம். உயிர்ப்புப் பெருவிழாவுக்கு நள்ளிரவில் கண் விழிப்போம். செப்டம்பர் 8 வந்தால் மாதாவின் பிறந்த நாளுக்குப் பூத்தொடுப்போம். ஆனால் 2025ஆம் ஆண்டில், நம் திருச்சபையின் நாட்காட்டியில் இல்லாத மூன்று விழாக்கள் எங்களைத் தேடி வந்தன. அவை வந்த கதையை எழுதுவது எங்களுக்குப் பெருமை தருவதன்று. ஆயினும் எழுதுகிறோம். ஏன் என்பது முடிவில் விளங்கும்.

செப்டம்பர் முதல் வாரத்தில் ஞானோபதேச வகுப்பில் எங்கள் சிஸ்டர் ஒரு கேள்வி கேட்டார்கள். லேவியர் நூலின் 23ஆம் அதிகாரத்தில் இஸ்ரயேல் மக்களின் விழாக்கள் வரிசையாகக் கூறப்பட்டுள்ளன. வசந்த காலத்தில் வரும் பாஸ்கா, நமக்கு ஆண்டவரின் பாடுகளோடும் உயிர்ப்போடும் இணைந்துவிட்டது. அதிலிருந்து ஏழு வாரம் கழித்து வரும் அறுவடை விழா, நமக்குத் தூய ஆவியார் இறங்கி வந்த பெந்தகோஸ்து ஆயிற்று. ஆனால் ஏழாம் மாதத்தில் மூன்று விழாக்கள் உள்ளனவே! முதல் நாள் எக்காள விழா, பத்தாம் நாள் பாவக்கழுவாய் நாள், பதினைந்தாம் நாள் தொடங்கி ஏழு நாள் கூடார விழா. "இந்த மூன்றும் நமக்கு எங்கே போயின?" என்று கேட்டார்கள். எங்களுக்கு விடை தெரியவில்லை.

திஸ்ரி எனப்படும் அந்த ஏழாம் மாதம் நம் புரட்டாசி, ஐப்பசியை ஒட்டி வருவது. 2025இல் அம்மூன்று விழாக்களும் செப்டம்பர் 23, அக்டோபர் 2, அக்டோபர் 7 ஆகிய நாட்களில் வந்தன. மேலை நாடுகளில் அது இலையுதிர் காலம். இயேசு பிறந்து வாழ்ந்த நாட்டிலோ திராட்சையும் ஒலிவமும் சேர்த்து முடிக்கும் காலம். நீண்ட கோடையின் வறட்சிக்குப் பின் முதல் மழைக்காக வானத்தை அண்ணாந்து பார்க்கும் காலம். ஐப்பசி மழைக்குக் காத்திருக்கும் நமக்கு அந்தப் பார்வை புதிதா என்ன?

எக்காள விழாவன்று ஊதப்படுவது ஆட்டுக்கடாவின் கொம்பு. இன்றும் யூதர்களின் தொழுகைக்கூடங்களில் அது ஒலிக்கிறது. அது இனிய இசையன்று. அழுகை போலவும் அபயக்குரல் போலவும் இருக்கும் ஓசை. 12ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த மைமோனிடிஸ் என்ற யூத அறிஞர், உறங்குவோரை எழுப்பித் தம் செயல்களை ஆராயச் செய்யவே அக்கொம்பு ஒலிக்கிறது என்று விளக்கினார். புனித சின்னப்பரும் இறுதி நாளில் எக்காளம் முழங்க இறந்தோர் எழுவர் என்று எழுதியிருக்கிறார். "கடைசி எக்காளத்துக்கு எழுவது இருக்கட்டும், இன்றைய எக்காளத்துக்கு எழுந்தீர்களா?" என்று சிஸ்டர் கேட்டபோது, எங்களில் எட்டுப் பேர் தலையைக் குனிந்துகொண்டோம்.

காரணம் இதுதான். ஆகஸ்டு மாதக் கடைசியில் ஒரு நாள், மதிய உணவு வேளையில், நாங்கள் எட்டுப் பேரும் புவியியல் அறைக்குள் புகுந்தோம். அங்கிருந்த பெரிய உலக உருண்டையைத் தாங்கியிலிருந்து கழற்றிப் பந்தைப் போல ஒருத்திக்கொருத்தி எறிந்து விளையாடினோம். அது கீழே விழுந்து இரண்டாகப் பிளந்தது. சத்தம் கேட்டு எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி ஓடி வந்தாள். நாங்கள் விக்கித்து நிற்க, அவள் மட்டும் குனிந்து துண்டுகளைப் பொறுக்கினாள். அந்த நேரம் ஆசிரியை உள்ளே வந்தார்கள். "யார் உடைத்தது?" என்றார்கள்.

எங்களில் ஒருத்திகூட வாய் திறந்து பொய் சொல்லவில்லை. எட்டுப் பேரும் அவளைப் பார்த்தோம். அவ்வளவுதான். கையில் துண்டுகளோடு நின்றவள் ஒன்றும் பேசவில்லை.

உருண்டையின் விலை 900 ரூபாயை அவள் கட்ட வேண்டும் என்றும், ஆண்டு விழாவின் குழுப்பாடலில் அவள் பாடக்கூடாது என்றும் முடிவாயிற்று. அன்று முதல் அவள் எங்களோடு அமர்ந்து உண்ணவில்லை. விளையாட்டுத் திடலின் கோடியில் உள்ள வேப்பமரத்தடியில் தனியே சாப்பிட்டாள். நாங்களும் கூப்பிடவில்லை. எப்படிக் கூப்பிடுவது?

அடுத்த வகுப்பு, பாவக்கழுவாய் நாளைப் பற்றியது. ஆண்டுக்கு ஒரே ஒரு நாள்தான் தலைமைக் குரு எருசலேம் ஆலயத்தின் திருத்தூயகத்துக்குள் நுழைவார். பொன்னாடைகளைக் களைந்து, எளிய நார்ப்பட்டு உடை அணிவார். முதலில் தன் பாவத்துக்கும் தன் குடும்பத்தாரின் பாவத்துக்கும் பலியிடுவார். பின் இரண்டு வெள்ளாட்டுக் கடாக்கள் கொண்டுவரப்படும். சீட்டுப் போடுவார்கள். ஒன்று ஆண்டவருக்குப் பலியாகும். மற்றதன் தலைமேல் குரு தன் இரு கைகளையும் வைத்து, மக்களின் குற்றங்களையெல்லாம் அறிக்கையிடுவார். பிறகு அது பாலைநிலத்துக்கு ஓட்டிவிடப்படும்.

"பலிகடா ஆக்கிவிட்டார்கள் என்று நாம் பேச்சில் சொல்கிறோமே, அது போலத்தான்" என்று சிஸ்டர் சொன்னார்கள். எங்களுக்கு வேர்த்துவிட்டது. வேப்பமரத்தடி எங்கள் கண்முன் வந்து நின்றது. யோசித்துப் பார்த்தால், எங்கள் செயல் அந்தப் பழைய சடங்கினும் கீழானது. ஆட்டின் தலையில் கை வைத்தவர் வாயைத் திறந்து, "இவை எங்கள் பாவங்கள்" என்று சொன்னார். நாங்களோ வாயை மூடிக்கொண்டு கை வைத்தோம்!

எபிரேயர் திருமுகம் நமக்கு ஒன்றைக் கற்பிக்கிறது. நம் தலைமைக் குருவாகிய கிறிஸ்து, ஆட்டின் இரத்தத்தோடு அல்ல, தம் சொந்த இரத்தத்தோடு ஒரே முறை திருத்தூயகத்தில் நுழைந்தார். நகர வாயிலுக்கு வெளியே பாடுபட்டார். அதாவது, அவர் தம் பழியை எவர் தலையிலும் ஏற்றவில்லை. பிறர் பழியைத் தம் தலைமேல் ஏற்றுக்கொண்டார். அவருடைய பெயரால் அழைக்கப்படும் நாங்கள் செய்தது இதற்கு நேர்மாறானது. நாங்கள் அந்தத் தோழியைத் தள்ளிவிட்ட வெளியில்தான் அவர் நிற்கிறார் என்றால், நாங்கள் யாரைத் தள்ளிவிட்டோம்?

அந்தச் சனிக்கிழமை எங்களில் சிலர் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனோம். மனம் இலேசாகிவிடும் என்று நினைத்தோம். குருவானவர் கனிவாகக் கேட்டுவிட்டு, "அந்தப் பிள்ளையிடம் சொன்னீர்களா?" என்றார். அந்த ஒரு கேள்வியோடு வெளியே வந்தோம். காணிக்கையைப் பீடத்தருகே வைத்துவிட்டு முதலில் சகோதரனோடு உறவாடிவிட்டு வா என்று மலைப்பொழிவில் ஆண்டவர் சொன்னதை நாங்கள் மனப்பாடமாக ஒப்பிப்போம், மதிப்பெண்ணும் வாங்குவோம். கி.பி. 200ஐ ஒட்டித் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்னும் யூத நூலும் இதையே வேறு விதமாகச் சொல்வதாகச் சிஸ்டர் கூறினார்கள். கடவுளுக்கு எதிரான குற்றத்துக்குப் பாவக்கழுவாய் நாள் போதும். அயலானுக்கு எதிரான குற்றத்துக்கோ, அந்த அயலானைச் சமாதானப்படுத்தும்வரை அந்நாளாலும் கழுவாய் இல்லை. யூதருக்கும் கிறிஸ்தவருக்கும் இடையே உள்ள ஆன்மிக உறவை இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் நினைவூட்டியது. அந்த உறவு எத்துணை ஆழமானது என்பதை நாங்கள் இந்த ஒரு பாடத்தில் உணர்ந்தோம்.

இருந்தும் எங்களுக்குத் துணிவு வரவில்லை. காலாண்டுத் தேர்வைச் சாக்காக வைத்துக்கொண்டோம். தேர்வு முடிந்த அன்று, விடுமுறைக்குப் பிறகு தான் பள்ளிக்கு வரப்போவதில்லை என்று அவள் யாரிடமோ சொன்னதாகக் காதில் விழுந்தது. அதுதான் எங்களுக்கு ஊதப்பட்ட எக்காளம்.

அக்டோபர் 2, காவல் தூதர்களின் திருநாள். காந்தி ஜெயந்தி விடுமுறை. சிஸ்டர் சொன்ன பாவக்கழுவாய் நாளும் அதுவே. அன்று மாலை எட்டுப் பேரும் அவள் வீட்டைத் தேடிப் போனோம். பேருந்து நிற்கும் இடத்திலிருந்து நெடுந்தூரம் நடக்க வேண்டியிருந்தது. கீற்று வேய்ந்த சிறு வீடு. திண்ணையில் அவள் அம்மா மடியில் முறத்தை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தார்கள். சொல்ல வேண்டியதை வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வந்த நாங்கள், அவளைக் கண்டதும் வாயடைத்து நின்றோம். தூறல் விழத் தொடங்கியது. அவள்தான் முதலில் பேசினாள்.

"ஏன்டி மழையில நிக்கிறீங்க? உள்ளே வாங்க."

உள்ளே போனபின், அவள் அம்மாவின் முன்னிலையிலேயே எல்லாவற்றையும் சொன்னோம். அழாமல் சொல்ல வேண்டும் என்று பேசி வைத்திருந்தோம், முடியவில்லை. "நீ ஏன் அன்றைக்கே உண்மையைச் சொல்லவில்லை?" என்று ஒருத்தி கேட்டாள். அவள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "எட்டுப் பேர் பார்த்தீங்க. நான் ஒருத்தி சொன்னா யாரு நம்புவா?" என்றாள்.

அவள் அம்மா எங்களைத் திட்டவில்லை. "தப்பைச் சொல்ல இவ்வளவு தூரம் வந்தீங்களேம்மா" என்று மட்டும் சொல்லி, கருப்பட்டிக் காப்பி போட்டுத் தந்தார்கள். 900 ரூபாயில் 300 ரூபாயை அவர்கள் முன்பே கட்டிவிட்டிருந்தார்கள். அந்த 300 ரூபாய்க்கு எத்தனை பீடி சுற்ற வேண்டும் என்று கேட்க எங்களுக்கு நா எழவில்லை. கூரையின் இடுக்கிலிருந்து மழைத்துளி ஒன்று எங்களில் ஒருத்தியின் தம்ளருக்குள் விழுந்தது. அவள் சிரித்தாள், நாங்களும் சிரித்தோம்.

கூடார விழாவின் பொருளை நாங்கள் கற்றது அங்கேதான். பாலைநிலத்தில் தம் முன்னோர் கூடாரங்களில் வாழ்ந்ததை மறவாதிருக்க, இஸ்ரயேல் மக்கள் ஏழு நாள் இலைதழைக் குடிலில் தங்க வேண்டும். வெட்டிய கிளைகளாலும் ஓலைகளாலும் வேய்ந்த கூரை; அதன் வழியே விண்மீன்கள் தெரிவது நல்லது என்பார்கள். செல்வனும் ஏழையும் அந்த வாரத்தில் ஒரே வகைக் கூரையின் கீழ் உண்பார்கள். களஞ்சியம் நிறைந்திருக்கும் அறுவடை வேளையில், "நீ நம்பியிருப்பது சுவரையன்று, ஆண்டவரையே" என்று மனிதனுக்கு உணர்த்தும் விழா அது. ஆனால் ஏழு நாள் குடிலில் இருப்பவருக்கு, விழா முடிந்தபின் திரும்பிச் செல்ல வீடு உண்டு. எங்கள் தோழிக்கு எல்லா நாளும் அதே கூரைதான். அதை நாங்கள் ஒரு நாளும் எண்ணிப் பார்த்ததில்லை.

நம் ஆண்டவரும் இந்த விழாவுக்கு எருசலேம் சென்றார் என்று புனித அருளப்பர் எழுதுகிறார். விழா நாட்களில் சீலோவாம் குளத்திலிருந்து பொற்குடத்தில் நீர் மொண்டு வந்து பலிபீடத்தில் ஊற்றுவார்கள். அக்காலத்துச் சீலோவாம் குளத்தின் கற்படிகள் 2004இல் எருசலேமில் கண்டெடுக்கப்பட்டன. விழாவின் கடைசி நாளில் இயேசு எழுந்து நின்று, தாகமுள்ளவர் தம்மிடம் வந்து பருகட்டும் என்று உரத்த குரலில் அழைத்தார். ஆலய முற்றத்தில் பெருவிளக்குகள் எரியும் அவ்விழாவை ஒட்டியே தாம் உலகின் ஒளி என்றும் கூறினார். அதே அருளப்பர் தம் நற்செய்தியின் தொடக்கத்தில், வாக்கு மனிதராகி நம்மிடையே குடிகொண்டார் என்பதற்கு, 'கூடாரம் அடித்தார்' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லையே எழுதியிருக்கிறார். மாளிகை கட்டினார் என்று எழுதவில்லை!

அக்டோபர் 6 அன்று பள்ளி திறந்ததும் தலைமை ஆசிரியையிடம் சென்று உண்மையைச் சொன்னோம். அந்தத் தாயின் 300 ரூபாய் திருப்பித் தரப்பட்டது. 900 ரூபாயை நாங்கள் எட்டுப் பேரும் பகிர்ந்து கட்டினோம். ஆண்டு விழாக் குழுப்பாடலில் அவள் பாடினாள். நாங்கள் கீழே அமர்ந்து கேட்டோம். அது நியாயமான தண்டனை, இனிய தண்டனையுங்கூட.

எல்லாம் உடனே பழையபடி ஆகிவிட்டது என்று எழுதினால் அது மீண்டும் ஒரு பொய்யாகும். சில நாட்களில் அவள் எங்களோடு உண்கிறாள். சில நாட்களில் வேப்பமரத்தடிக்கே போகிறாள். அந்த நாட்களில் நாங்களும் எங்கள் உணவை எடுத்துக்கொண்டு அங்கே போய்விடுகிறோம். பாலைநிலத்துக்கு ஓட்டப்பட்ட ஆடு திரும்பி வந்ததாக விவிலியத்தில் இல்லை. ஆனால் ஓட்டியவர்கள் அதைத் தேடிப் போகலாம் அல்லவா? காணாமற்போன ஆட்டைத் தேடிப் போனவரைத்தானே நாம் நல்ல ஆயன் என்கிறோம்!

சிஸ்டர் கேட்ட கேள்விக்கு எங்களுக்குத் தெரிந்த விடை இதுதான். அந்த மூன்று விழாக்களும் இன்றும் யூத மக்கள் போற்றிக் காக்கும் விழாக்கள். அவற்றை நம்முடையவை என்று நாம் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் அவை காட்டும் வழி நமக்கும் உரியது. முதலில் விழித்தெழ வேண்டும். பின் வாய் திறந்து குற்றத்தை ஏற்று, புண்படுத்தியவரைத் தேடிப் போக வேண்டும். அதன் பிறகே ஒரே கூரையின் கீழ் அமர்ந்து மகிழ முடியும். இந்த வரிசையில் ஒன்றைத் தாண்டி மற்றொன்றுக்குப் போக வழியில்லை.

இதை எழுதுமுன் அவளிடம் கேட்டோம். "எழுதுங்க. என் பேரை மட்டும் போடாதீங்க" என்றாள். அவ்வாறே செய்திருக்கிறோம். எங்கள் பெயர்களைப் போடலாமா என்றும் கேட்டோம். "வேண்டாம், எட்டுப் பேருன்னு போட்டாப் போதும்" என்றாள். ஆகவே,

இங்ஙனம்,
பத்தாம் வகுப்பு மாணவியர் எட்டுப் பேர்.