மழை பார்க்கப் போறோம்!

குளிர் பார்க்கக் கொடைக்கானல் போகிறவர்கள் உண்டு. அருவி பார்க்கக் குற்றாலம் போகிறவர்கள் உண்டு. மழை பார்க்க நார்வேக்குப் போகிற குடும்பம், பாளையம்பட்டியில் எங்களுடையதாகத்தான் இருக்கும். ஊர் பேர் பெர்கன். துறைமுகப் பட்டினம். ஐந்தே நாள்.

தம்பிக்கு அங்கே இரண்டு வருஷ கான்ட்ராக்ட் வேலை. டிசம்பரோடு முடிகிறது. "அதுக்குள்ள அம்மாவைக் கூட்டிக்கிட்டு வாண்ணே" என்று போனில் ஒரே நச்சரிப்பு. "மழைதான் கொஞ்சம் தொந்தரவு" என்று கடைசியில் சேர்த்தான் பாருங்கள், அதுவரை காதே கேட்காத மாதிரி உட்கார்ந்திருந்த அம்மா எழுந்து வந்துவிட்டாள்.

"எம்புட்டு மழைன்னு கேளுய்யா!"

கேட்டேன். வருஷத்துக்கு 2,250 மில்லிமீட்டருக்கு மேல். நம்ம விருதுநகர் மாவட்டத்தில் 800 சொச்சம். அதுவும் சர்க்கார் ஏட்டில்தான் பெய்யும். எங்கள் கண்மாய்க்குத் தகவல் வருவதில்லை. பெர்கனில் 2006 அக்டோபர் கடைசியில் பிடித்த மழை 2007 ஜனவரி வரை ஒருநாள் விடாமல் 85 நாள் பெய்திருக்கிறது!

காரணம் சிம்பிள். மேற்கே கடல், ஊரைச் சுற்றி ஏழு மலை. ஈரக்காற்று மலையில் முட்டி, மேலே ஏறி, குளிர்ந்து அங்கேயே கொட்டிவிடுகிறது. நமக்கும் மேற்கே மலை இருக்கிறது சார். ஆனால் தென்மேற்குப் பருவக்காற்று அந்தப் பக்கமே கவிழ்த்துவிட்டு, வெறும் குடத்தோடுதான் நம்மிடம் வருகிறது. பெர்கன் மலைக்குக் கேரளா பக்கம் உட்கார்ந்துவிட்டது, நாம் பாளையம்பட்டி பக்கம். அவ்வளவுதான் வித்தியாசம்.

"85 நாளா? பாவு எப்பக் காயும்?" என்றாள் அம்மா. தறிக்கார வீட்டுப் பெண்ணுக்கு வேறென்ன தோன்றும்!

எந்த மாதம் போவது என்பதில்தான் ரகளை. மே மாதம் உசிதம், மழை குறைவு என்று எல்லா வழிகாட்டிப் புத்தகமும் சொல்கிறது. "மழையில்லாத மாசத்துல போறதுக்கு இங்கனயே இருந்துட்டுப் போறேன், துட்டாவது மிஞ்சும்" என்றாள் அம்மா. பி.காம். படித்த எனக்கே அந்தக் கணக்கில் குறை சொல்லத் தெரியவில்லை. சரி, கொட்டித் தீர்க்கிற அக்டோபர், நவம்பர்? அதற்கும் தலையாட்டல். "ஐப்பசியில நானா? நம்ம ஊர்ல பெய்யிறப்ப நான் இல்லாம இருக்கவா?" ரெண்டு ஏக்கர் மானாவாரி. வருஷத்தில் அந்த நாலு வாரத்தை நம்பித்தான் விதைப்பு. ஆக, செப்டம்பர் முதல் பாதி. அங்கே மழை வலுக்கிற சமயம். இங்கே விதைக்க நாள் இருக்கிறது.

நார்வே ஐரோப்பிய யூனியனில் இல்லை, ஆனால் ஷெங்கன் விசாதான். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவ இன்ஷூரன்ஸ், பேங்க் கணக்கு, போதாததற்குத் திரும்பி வருவோம் என்பதற்கு அத்தாட்சி. "திரும்பாம அங்கன என்ன செய்ய?" என்று அம்மாவுக்கு நிஜமாகவே கோபம். நிலப் பட்டா நகலை வைத்திருக்கிறேன். ஆட்டுக்குட்டியின் போட்டோவையும் வைக்கச் சொன்னாள். அதை மட்டும் தட்டிக் கழித்துவிட்டேன்.

ஆஸ்லோவிலிருந்து பெர்கனுக்கு ரயில். 1909-இல் திறந்த மலைப்பாதை. ஏழு மணி நேரம் ஜன்னலோரம். ஊருக்குள் பிரிக்கன் என்று பழைய மரவீட்டு வரிசை, 1979 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. ஜெர்மன் வணிகர்கள் அங்கே கடை விரித்து நூற்றாண்டுக்கணக்கில் செய்த முக்கிய வியாபாரம், வடக்கே குளிர்காற்றில் உப்பில்லாமல் காயவைத்த காட் மீன். "அட, கருவாடு வித்துக் கட்டுன ஊரா!" என்று அம்மாவுக்கு அந்த ஊர்மேல் மரியாதை வந்துவிட்டது. மலையேற 1918-இல் வந்த கயிற்று ரயில், நம்ம பழனி விஞ்ச் மாதிரி. முட்டிவலிக்குப் பயமில்லை.

பாஷைக்கும் பயமில்லை. யாழ்ப்பாணம் குருநகரைச் சேர்ந்த அந்தோனி ராஜேந்திரம் 1956-லேயே நார்வே போய்விட்டார். பின்னால் இலங்கைத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் போய்ச் சேர்ந்தார்கள். ஒரு மிளகாய்ப்பொடிக்கு அலைய வேண்டியிருக்காது. நெய் ஜாடி மட்டும் கிடையாது. பால் பொருள் கொண்டுவரத் தடை.

எல்லாம் முடிந்து, போன வாரம் அம்மாவை டாக்டரிடம் காட்டினேன். அவளுக்கு இளைப்பு உண்டு. நெஞ்சில் குழலை வைத்து வெகுநேரம் கேட்டுவிட்டு, "தாராளமா போய்ட்டு வாங்க. ஆனா ஒரு சொட்டு நனையக் கூடாது" என்றார்.

பஸ்ஸில் வரும்போது அம்மா பேசவே இல்லை. "வேண்டாம்னா விட்டுடலாம்மா" என்றேன். டிக்கெட் பணம் என் இரண்டு வருஷச் சேமிப்பு. அதை நினைக்காமல்தான் சொன்னேன். அவள் ஜன்னலுக்கு வெளியே சீமைக் கருவேலத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். காந்திநகர் தாண்டியதும் திரும்பினாள்.

"கையை மட்டும் நீட்டிக்கிறேன்யா. கைக்கு என்ன இளைப்பா இருக்கு?"

அந்த ஊர்க் காற்றில் குடை நிற்காதாம், ரெயின்கோட்தான். அம்மாவுக்கு அளவு கேட்டுத் தம்பி நேற்று போன் செய்தான். அரைக்கை வைத்து ரெயின்கோட் உண்டா என்று விசாரிக்கச் சொல்கிறாள் அம்மா.