தலைக்கும் காலுக்கும் நடுவே

விடிந்தும் விடியாத நேரம். பாங்காக்கின் சீலோம் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்து. தள்ளுவண்டிக்கார அம்மாள் சோற்றையும் குழம்பையும் தனித்தனிப் பிளாஸ்டிக் பைகளில் போட்டு, உள்ளே காற்றைப் பிடித்து உப்பவைத்து, ரப்பர் பேண்டைச் சுழற்றி முடிச்சுப் போடுகிறார். சோறு, குழம்பு, ஓர் இனிப்பு, தண்ணீர் பாட்டில், தாமரை மொட்டு. பிக்குவுக்கான தட்டு தயார்.

பிக்கு வெறுங்காலோடு வருகிறார். வேலைக்குக் கிளம்பிய இளம்பெண் ஒருத்தி தட்டை வாங்கிக்கொண்டு, குதிகால் உயர்ந்த செருப்பைக் கழற்றி ஓரமாக விடுகிறாள். அவர் தரையில் நிற்க, இவள் செருப்பின் மேல் நின்றால் அவரைவிட உயர்ந்துவிடுவாள், அது ஆகாது. பைகளைப் பாத்திரத்தில் இடும்போது கை அவர்மீது பட்டுவிடாமல் பார்த்துக்கொள்கிறாள். பெண் தொடுவது பிக்குவின் விதிக்கு ஒவ்வாது. நடைபாதையிலேயே மண்டியிட்டுக் கைகூப்ப, அவர் பாலி மொழியில் ஆசி ஓதுகிறார். முடிந்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு, கைபேசியைப் பார்த்தபடியே ஸ்கைட்ரெயின் ரயில் நிலையப் படிக்கட்டுக்கு ஓடுகிறாள். பிக்கு அடுத்த வாசலுக்கு நகர்கிறார். உச்சிப் பொழுதுக்குள் அவர் உண்டு முடித்தாக வேண்டும்.

அவர் பதிலுக்குக் கைகூப்பவில்லை. பிக்கு இல்லறத்தார் யாருக்கும் பதில் வணக்கம் செய்வதில்லை. மன்னர் வணங்கினாலும் அப்படித்தான். மன்னரே இந்தக் காவியைக் கட்டியதும் உண்டு. 70 ஆண்டுகள் அரியணையில் இருந்த மன்னர் பூமிபோல், 1956-இல் தலையை மழித்துப் பதினைந்து நாள் பிக்குவாக வாழ்ந்தார். வாழ்நாளில் ஒருமுறையாவது ஆண் துறவு கொள்வது இங்கே குடும்பத்துக்குப் புண்ணியம். அதற்காக அரசு ஊழியருக்குச் சம்பளத்தோடு 120 நாள்வரை விடுப்பு உண்டு.

தள்ளுவண்டியில் சில்லறை மாறுகிறது. காற்றில் இருபது பாட் நோட்டு ஒன்று பறந்து தரையில் உருள்கிறது. சட்டென்று காலால் மிதித்துப் பிடிக்க யாருக்கும் தோன்றும். அம்மாள் குனிந்து குனிந்து கையாலேயே துரத்திப் பிடிக்கிறார். நோட்டில் மன்னரின் முகம் இருக்கிறது. உடம்பில் தலை உயர்ந்தது, காலோ கடைசி. மன்னரை அவமதித்தால் குற்றவியல் சட்டத்தின் 112-ஆம் பிரிவு ஒவ்வொரு குற்றத்துக்கும் 3 முதல் 15 ஆண்டுவரை சிறை விதிக்கிறது. ஆனால் அந்த அம்மாள் குனிந்தபோது சட்டத்தை நினைத்திருப்பார் என்று தோன்றவில்லை. பழகிய உடம்பு தானாகவே வளைந்தது.

அலுவலகக் கட்டடத்தின் முகப்பிலும் இதே வளைவுதான். காவலாளி கும்பிடும்போது கூப்பிய விரல்கள் மூக்கைத் தொடுகின்றன. மேலாளர் நெஞ்சளவில் கைகூப்பி வாங்கிக்கொள்கிறார். சம வயதுக்காரர்கள் என்றால் விரல்நுனி முகவாயோடு நின்றுவிடும். பிக்குவுக்கு நெற்றிவரை போகும். உட்கார்ந்து பேசும் இரண்டு பெரியவர்களைக் கடக்க வேண்டிய பையன் தோளைக் குறுக்கி, முதுகை வளைத்து, அவர்கள் தலைக்குக் கீழாகவே நழுவிப் போகிறான். அவர்கள் பேச்சை நிறுத்தவில்லை. அவனைக் கவனித்ததாகவும் தெரியவில்லை. நிமிர்ந்து நடந்திருந்தால் கவனித்திருப்பார்கள்.

கட்டடத்தின் முன்னே கம்பத்தின் மேல் ஒரு பொம்மை வீடு. மண்ணுக்குச் சொந்தக்காரரான காவல் தெய்வத்துக்கு, இடத்தை எடுத்துக்கொண்ட மனிதர்கள் கட்டித் தந்த மாற்று வீடு. படையலாகச் சிவப்பு ஃபாண்டா பாட்டில்கள், மூடி திறந்து, உறிஞ்சுகுழல் செருகி வரிசையாக நிற்கின்றன. எவ்வளவு உயரமான கோபுரம் எழுப்பினாலும் அதன் நிழல் இந்தச் சின்ன வீட்டின்மேல் விழக்கூடாது என்பது ஐதீகம்.

ராட்சப்ரசோங் நாற்சந்தியில் தெய்வங்களின் கூட்டம் இன்னும் பெரிது. வணிக வளாகங்களும் நட்சத்திர ஓட்டல்களும் ஆளுக்கொரு தெய்வத்தை வைத்திருக்கின்றன: பிரம்மா, இந்திரன், கருடன்மேல் நாராயணன், விநாயகர், லட்சுமி. இவற்றில் மூத்தது ஏராவான் சன்னிதி. 1950-களில் இங்கே ஓட்டல் கட்டியபோது விபத்து மேல் விபத்து வந்ததால், சோதிடர் சொல்கேட்டு 1956-இல் நான்முகனை நிறுத்தினார்கள். வேண்டுதல் பலித்தவர்கள் நேர்த்திக்கடனாக நடனத்துக்குப் பணம் கட்டுகிறார்கள். எத்தனை பெண்கள் ஆடுவது என்பதைப் பொறுத்துக் கட்டணம். பணம் கட்டியவர் மண்டியிட்டிருக்க, பின்னால் சரிகை உடையிலும் கோபுரக் கிரீடத்திலும் பெண்கள் பாடி ஆடுகிறார்கள். ஒரு சுற்று முடிந்ததும் முகத்தில் வேர்வையை ஒற்றிக்கொள்கிறார்கள். அடுத்த ரசீது வந்துவிடுகிறது.

2015 ஆகஸ்டு 17 அன்று இதே இடத்தில் வெடித்த குண்டில் 20 பேர் இறந்தார்கள். இரண்டே நாளில் சன்னிதி திறந்தது.

சாலையில் ஆரஞ்சு நிறச் சட்டை அணிந்த மோட்டார் சைக்கிள் டாக்சிக்காரர் சிக்னலில் நிற்கிறார். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை, கைகள் மட்டும் ஹேண்டில்பாரை விட்டெழுந்து நெற்றியருகே கூடிப் பிரிகின்றன. பச்சை விழுந்ததும் சீறிப் பறக்கிறார். நான்முகனைவிட உயரத்தில் ஸ்கைட்ரெயின் ஆயிரக்கணக்கான கால்களைச் சுமந்துகொண்டு தடதடக்கிறது. தலை, கால் கணக்கை அந்தத் தண்டவாளத்திடம் யாரும் கேட்பதில்லை.

மாலை ஆறு மணி. லும்பினி பூங்காவில் ஓடுபவர்களும் நடப்பவர்களும் ஏரிக்கரையைச் சுற்றிக்கொண்டிருக்கிறார்கள். ஒலிபெருக்கியில் தேசிய கீதம் எழுகிறது. ஓடிக்கொண்டிருந்த கால்கள் அத்தனையும் நிற்கின்றன. வேர்வை வழிய, மூச்சு வாங்க, கைகளைத் தொங்கவிட்டு எல்லாரும் சிலையாகிறார்கள். ஏரிக்கரைப் புல்லில் ஆளுயரம் நீளும் நீருடும்பு ஒன்று மட்டும் நாக்கை நீட்டியபடி பாதையைக் கடக்கிறது. பாட்டு ஓய்ந்த நொடியில் கூட்டம் மறுபடி ஓடத் தொடங்குகிறது.

தினமும் காலை எட்டுக்கும் மாலை ஆறுக்கும் நாடெங்கும் இதுதான். பார்க்க ஆதிகால மரபு போலிருக்கும். உண்மையில் அது பிபுன் சோங்க்ராம் என்ற ராணுவப் பிரதமர் புகுத்திய பழக்கம்; 1939-இல் சயாமைத் தாய்லாந்து என்று பெயர் மாற்றியதும் அவர்தான். கீதத்துக்கு மெட்டமைத்த ப்ரா செண்டுரியாங்கின் இயற்பெயர் பீட்டர் ஃபைட். ஜெர்மானிய வழி வந்த அமெரிக்கரின் மகன்.

தரையில் விழுந்து வணங்கும் வழக்கத்துக்கும் இப்படி ஒரு கதை உண்டு. அது மக்களைத் தாழ்த்துகிறது என்று 1873-இல் ஆணையிட்டு நிறுத்தியவரே ஒரு மன்னர்தான், சுலலாங்கோர்ன். பிற்காலத்தில் வழக்கம் மெல்லத் திரும்பி வந்துவிட்டது. அவர் பெயரைத் தாங்கிய பல்கலைக்கழகத்தில் புதிய மாணவர்கள் அவர் சிலை முன்னாலேயே விழுந்து வணங்குகிறார்கள். 2017-இல் சில மாணவர்கள் விழாமல் நின்றபடியே வணங்கியது நாடெங்கும் சர்ச்சையானது.

அந்தப் பல்கலைக்கழகத்தை ஒட்டிய சயாம் பகுதியில் ஒரு திரையரங்கு, இரவுக் காட்சி. விளம்பரங்கள் முடிகின்றன. எழுந்து நிற்கச் சொல்லித் திரையில் அறிவிப்பு. அரச கீதம் தொடங்குகிறது. ஒரு தலைமுறைக்கு முன் உட்கார்ந்திருப்பவரைத் தேடினாலும் கிடைக்கமாட்டார். 2020-இல் இளைஞர்கள் முடியாட்சிச் சீர்திருத்தம் கேட்டுத் தெருவில் இறங்கிய காலத்திலிருந்து கணக்கு மாறிவிட்டது. நடுவரிசையில் வயதான தம்பதி எழுகிறார்கள். அவர்களுக்கு முன்னால் கல்லூரிப் பிள்ளைகள் மடியில் பாப்கார்னோடு அசையாமல் இருக்கிறார்கள். முறைப்பு இல்லை, முணுமுணுப்பு இல்லை. பாட்டு முடிகிறது, தம்பதி உட்காருகிறார்கள், படம் ஓடுகிறது.

தாய்லாந்தைப் புன்னகை நாடு என்கிறது சுற்றுலா விளம்பரம். அங்கே போகிறவர்கள் முகத்தை மட்டும் பார்த்துத் திரும்பிவிடாதீர்கள். எந்த இடத்தில் முதுகு வளைகிறது, எந்த இடத்தில் வளைய மறுக்கிறது என்று பாருங்கள். வாய் திறந்து சொல்லத் துணியாததை அந்த நாடு உடம்பால் சொல்லிக்கொண்டிருக்கிறது.