மைனஸ் டி

உங்க ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்ல ‘மைனஸ் டி’ன்னா என்ன அர்த்தம்? டீம்மேட்கிட்டயும் கேளுங்க. ரெண்டு பதில் வந்தா, இதை முழுசா படிங்க.

என் ஊர் இருக்கன்குடி. அப்பத்தா அந்தக் காலத்துல வீட்டுலயே தீப்பெட்டி ஒட்டினவங்க. டிரங்குப் பெட்டியில அவங்க சேர்த்து வச்ச பழைய லேபிள்கள்தான் எங்க ப்ராஜெக்ட்டுக்கு டேட்டா. போட்டோவைப் பார்த்து கம்ப்யூட்டரே லேபிளை வகை பிரிக்கணும். நாலு பேர், நாலு பைத்தான் ஸ்கிரிப்ட்.

என் ஸ்கிரிப்ட்ல மைனஸ் டி-ன்னா டேட்டா ஃபோல்டர். நண்பனோட ஸ்கிரிப்ட் போட்டோக்களைச் சின்னதாக்கும். அதுல மைனஸ் டி-ன்னா ஒரிஜினலை டெலீட் பண்ணு. ஒரு ராத்திரி பழக்க தோஷத்துல மைனஸ் டி, பக்கத்துல ஃபோல்டர் பேர்னு அடிச்சேன். எரர்கூட வரல. 400 ஒரிஜினல் போச்சு.

திரும்ப எடுக்கலாம்னு ஊருக்குப் போனா, மழைத்தண்ணி இறங்கி பாதி லேபிள் ஊறிப்போயிருந்தது. “அதான் நீ போட்டோ புடிச்சு வச்சிருக்கியே ராசா”ன்னு அப்பத்தா சிரிச்சாங்க. நான் வாயே திறக்கல.

தப்பு யார் மேல? யோசிச்சா ரெண்டு பேர் மேலயும் இல்ல. யுனிக்ஸ்லயே ‘கிரெப்’புக்கு மைனஸ் ஐ கொடுத்தா, பெரிய எழுத்து சின்ன எழுத்து வித்தியாசம் பார்க்காது. ‘ஸெட்’டுக்கு அதையே கொடுத்தா ஃபைலையே மாத்திடும். 1985-ல ஏடி அண்ட் டி எல்லாருக்கும் பொதுவா வெளியிட்ட ‘கெட்ஆப்ட்’, ஆப்ஷனை எப்படிப் படிக்கணும்கிறதை ஒண்ணாக்குச்சு. எழுத்துக்கு என்ன அர்த்தம்கிறதை நாமதான் உட்கார்ந்து பேசணும்.

பேசினோம். பொது ஆப்ஷன் எல்லாம் இப்போ ஒரே ஃபைல்ல. ‘ஆர்க்பார்ஸ்’ல ‘பேரண்ட்ஸ்’னு கொடுத்து நாலு ஸ்கிரிப்ட்டும் அதையே எடுத்துக்குது. (பொது பார்ஸர்ல ‘ஆட் ஹெல்ப்’பை ஃபால்ஸ் ஆக்குங்க. இல்லேன்னா மைனஸ் ஹெச் ரெண்டு தடவை வந்து மோதும்.) இனி யாராவது மைனஸ் டி-யை வேற அர்த்தத்துல சேர்த்தா, ஸ்கிரிப்ட் ஆரம்பத்துலயே எரர் அடிச்சு நின்னுடும்.

எங்க தெருவுல ‘மாரியம்மா’ன்னு கூப்பிட்டா நாலு பேர் திரும்புவாங்க. அதனால தபால்காரர் வீட்டுக்காரர் பேரையும் சேர்த்துச் சொல்லுவார். அதே மாதிரி, அழிக்கிற வேலைக்கு ஒத்தை எழுத்தே கிடையாதுன்னு முடிவு பண்ணோம். ரெண்டு மைனஸ் போட்டு ‘டெலீட் ஒரிஜினல்’னு முழுசா அடிக்கணும். அடிக்கிற அந்த நேரத்துல கை ஒரு தடவை யோசிக்கும்.

நீங்க முதல் ஸ்கிரிப்ட் எழுதுறதுக்கு முன்னாடியே இதைப் பேசிடுங்க. அரை மணி நேரம் போதும்.

ஆடி கடைசி வெள்ளிக்கு ஊருக்குப் போறேன். அப்பத்தாகிட்ட இன்னும் சொல்லல. இந்தத் தடவை சொல்லிடணும்.