நிரப்பியே ஆகவேண்டிய கட்டம்

அப்பாவின் ஆர்டர் நோட்டில், எந்த மோட்டாரை என்றைக்குக் கொடுக்க வேண்டும் என்ற தேதி இருக்காது. வாங்குபவரின் ஊர், குதிரைத்திறன், எண்ணிக்கை, கைக்கு வந்த முன்பணம். அவற்றுக்கப்பால் சில வரிகளில் மட்டும் பென்சிலால் ஒரு சிறு குறிப்பு. கோவை ஆவாரம்பாளையத்தில் எங்கள் மோட்டார் பம்ப் பட்டறை நாற்பதாண்டுகள் இத்தகைய நோட்டுகளைக் கொண்டே நடந்தது. அண்ணன் தம்பி இருவரில் மூத்தவருக்குக் கல்லூரியில் தமிழ் கற்பிக்கும் பணி; இளையவருக்குப் பட்டறை. எனினும் பட்டறையின் நன்மை தீமைகளில் எங்களைப் பிரித்துச் சொல்லும் வழக்கமில்லை. இங்கும் அவ்வாறே சொல்கிறோம்.

2017இல் ஜி.எஸ்.டி. வந்தபோதே பில் போடுவதற்குக் கணிப்பொறி வந்துவிட்டது. ஆனால் பில் என்பது விற்பனையின் கடைசிப் படி. ஆர்டர் வாங்குவதிலிருந்து பொருளை லாரியில் ஏற்றுவது வரையிலான அனைத்தும் அப்பாவின் நோட்டிலும் நினைவிலுமே இருந்தன. 2020இல் அவர் மறைந்தபின் அந்த நினைவுக்கு மாற்று ஒன்று தேவைப்பட்டது. மும்பையில் உருவான, மூல நிரல் எவருக்கும் திறந்திருக்கிற இஆர்பிநெக்ஸ்ட் என்னும் மென்பொருளை நிறுவினோம்.

பட்டறையாட்கள் படிக்கும்படி திரையிலுள்ள சொற்களைத் தமிழாக்கும் வேலை இயல்பாகவே மூத்தவர் தலையில் விழுந்தது. சேல்ஸ் ஆர்டருக்கு அகராதி வழியே போனால் 'விற்பனை ஆணை' வருகிறது. கடைக்காரர் ஆணையா இடுகிறார்? கேட்பு, வேண்டுகை என்றெல்லாம் எழுதிப் பார்த்தோம். ஸ்டோர்ஸைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர், "ஆர்டர்னே போட்டுடுங்க சார், எல்லாத்துக்கும் புரியும்" என்றார். முதுகலைப் பட்டம் அங்கே பணிந்தது. நிலுவை, இருப்பு, ரத்து ஆகிய மூன்று சொற்களை மட்டும் யாரும் மறுக்கவில்லை.

உள்ளே நடப்பதைப் பார்த்தபோது உண்மையிலேயே வியந்தோம். கிடங்கில் ஒன்பது மோட்டார் இருந்தாலும், ஆறு வேறு ஆர்டர்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தால் புதிதாக வாக்களிக்க மூன்றுதான் உண்டு என்று அது சொல்லிவிடும். குறைவதைச் செய்ய வேண்டுமெனில் ஒரு மோட்டாரை அதன் உறுப்புகளாகப் பிரிக்கும்: காஸ்டிங், ஷாஃப்ட், ஸ்டேட்டர், வைண்டிங் கம்பி, இம்பெல்லர், புஷ். ஜோசப் ஆர்லிக்கி என்பவர் 1975இல் எழுதிய நூலில் இதற்கான அடிப்படையை விளக்கியிருக்கிறார். முழுப்பொருளுக்கான தேவை வெளியிலிருந்து வருவது. அதை முன்கூட்டி ஊகிக்கத்தான் முடியும். உறுப்புகளுக்கான தேவை அதிலிருந்து பிறப்பது. அதை ஊகிக்கக் கூடாது, கணக்கிட வேண்டும். இருபது மோட்டார் என்றால் இருபது ஷாஃப்ட். மோட்டார் போகும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி, வைண்டிங் என்று முடிய வேண்டும், காஸ்டிங் என்று வர வேண்டும் என்று நாள் குறிக்கலாம். நன்னூல் சொல்லும் பொருள்கோள் எட்டினுள் அளைமறிபாப்பு என்று ஒன்றுண்டு. செய்யுளின் இறுதியில் நின்ற சொல் இடைக்கும் முதலுக்கும் சென்று பொருள் தரும். வகுப்பில் எடுத்துக்காட்டுக்குத் திண்டாடுகிற அந்தப் பாடம், பட்டறைத் திரையில் ஓடிக்கொண்டிருந்தது.

எல்லாம் அந்த இறுதிச் சொல்லை நம்பி நிற்கிறது. அதுதான் ஒப்படைக்கும் தேதி. அந்தக் கட்டத்தை நிரப்பாமல் ஆர்டரைப் பதிய இயலாது.

2023 மாசியில், ஆர்டர்கள் குவியும் பருவத்தில், அலுவலகத்துப் பெண் கேட்டாள்: "தேதி கேக்குதுங் சார், என்ன போடறதுங்?"

"இன்னைக்குத் தேதியவே போட்டு விடும்மா" என்றோம்.

ஒரு கட்டத்தைத் தாண்டுவதற்காகச் சொன்ன பொய். அதன்படி எல்லா ஆர்டரும் அன்றைக்கே தரவேண்டியவை ஆயின. மறுநாள் எல்லாமே தாமதமாகிச் சிவந்தன. எந்தச் சிவப்பு மெய், எது பொய் என்று எவருக்கும் தெரியவில்லை. ஆட்கள் பட்டியலைப் பார்ப்பதையே விட்டுவிட்டார்கள். போனில் உரக்கச் சத்தம் போட்டவருக்கு முதலில் சரக்கு போயிற்று.

உடுமலைப் பக்கத்துக் கடைக்காரர் ஒருவர் சத்தம் போடுகிறவர் அல்லர். அப்பா காலத்து வாடிக்கை. ஐந்து எச்.பி. ஓபன்வெல் எட்டு வேண்டும், "சித்திரை பொறக்கறதுக்குள்ள வந்தாப் போதுமுங் தம்பி" என்று சொல்லியிருந்தார். எங்கள் திரையில் அதற்கும் மாசித் தேதிதான். சித்திரை பாதியில் அவரே பஸ் ஏறி வந்தார். மூன்று மோட்டார்கள்தாம் ஆகியிருந்தன. அவரை நம்பிப் பழைய மோட்டாரைக் கழற்றிக் கொடுத்துவிட்ட தோட்டக்காரர் ஒருவருடைய தென்னங்கன்றுகள் காய்ந்துகொண்டிருந்தன. அவர் கோபப்படவில்லை. "உங்கப்பா இருந்த வரைக்கும் நான் ஒருக்காகூட போன் பண்ணிக் கேட்டதில்லீங் தம்பி" என்றார். டீயைக் குடித்துவிட்டு, மூன்றை மட்டும் ஏற்றிக்கொண்டு, மீதியை வேண்டாமென்று போய்விட்டார்.

அன்றிரவு அப்பாவின் நோட்டுகளை எடுத்து, பென்சில் குறிப்புகளை முதன்முறையாக வரிசையாகப் படித்தோம். 'மகள் கல்யாணத்துக்கு முன்'. 'கிணறு வெட்டு முடியலை, அவசரமில்லை'. 'பி.ஏ.பி. தண்ணி விட்டாச்சு, பொறுக்கும்'. பரம்பிக்குளம் ஆழியாறு வாய்க்காலில் முறைத்தண்ணீர் வரும் நாட்களில் அந்த ஊருக்கு மோட்டார் சற்றுப் பிந்தினாலும் பயிர் தாங்கும்; அப்பா அதைக் கொண்டு யாருக்கு முன், யாருக்குப் பின் என்று வகுத்திருக்கிறார். தேதி அவரிடம் இருந்திருக்கிறது, காரணமாக. இருபதாண்டுகளாக உரையாசிரியர்களை வரிவரியாக நடத்துகிறவருக்கும், அந்த நோட்டைத் தினமும் புரட்டியவருக்கும் இது தென்படவில்லை.

பின்னர் ஒவ்வொருவராகப் போனில் அழைத்து, மெய்யாக எப்போது வேண்டும் என்று கேட்டோம். பத்து நாளாயிற்று. பாதிப்பேருக்கு மேல் அவசரமே இல்லை. பதிந்து உறுதிசெய்த ஆவணத்தை அந்த மென்பொருள் அழிக்க விடுவதில்லை. ரத்து செய்து, திருத்திய படியைப் புதிதாக எழுத வேண்டும். பழைய எண்ணின் வாலில் ஒன்று என்று சேர்ந்து புதியது நிற்கும், பழையதும் கிடக்கும். தம்பிக்கு இது எரிச்சல். உ.வே.சா. பதிப்புகளின் அடிக்குறிப்பில் பாடபேதங்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு உவப்பாகவே இருந்தது. தேதிக்கு அருகே 'காரணம்' என்று ஒரு கட்டமும் சேர்த்தோம். அதை நிரப்பாவிட்டாலும் ஆர்டர் பதியும். ஆயினும் அந்தப் பெண் விடாமல் கேட்டு எழுதுகிறாள்: 'போர் போட்டாச்சு', 'பழசு காயில் போச்சு'.

ஆடியில் உடுமலைக்குப் போனோம். கடைவாசலில் வேறொரு கம்பெனியின் போர்டு தொங்கியது. உட்காரச் சொல்லி இளநீர் வெட்டிக் கொடுத்தார். மோட்டாரைப் பற்றி நாங்களும் பேசவில்லை, அவரும் கேட்கவில்லை. கிளம்பும்போதுதான், "அப்பா நோட்டெல்லாம் வெச்சிருக்கீங்களா தம்பி?" என்றார்.

"இருக்குதுங்க" என்றோம்.

"எம் பேர்ல என்ன எழுதியிருக்காரு?"

அவர் பெயர் வரும் வரிகள் எதிலும் பென்சில் குறிப்பே இல்லை. அதைச் சொன்னோம். சற்று நேரம் வாய்க்கால் பக்கம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மழை எப்படி என்று கேட்டார்.