எருதைப் பிடித்துக் கட்டிய பின் ஏர் ஓடுமா?

எமது வீதியில் ஓர் இளைஞன் வசிக்கிறான். மாத்தளை பஸ் நிலையத்தருகே முச்சக்கர வண்டி ஓட்டிப் பிழைப்பவன். எம் வீட்டுக் குழந்தைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிச் செல்பவனும் அவனே. சென்ற ஆண்டு ஒரு திங்கட்கிழமை காலையில், ஏழு மணியாகியும் அவன் வண்டி எம் வாசலுக்கு வரவில்லை. சற்று நேரத்தில் அவன் கால்நடையாக வந்து நின்றான்.

“மாமா, நேற்று உக்குவளைப் பாதையிலே மறித்து வண்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். மூன்று மாதத் தவணை பாக்கி. இன்றைக்குப் பிள்ளைகளை நடத்திக் கூட்டிப் போகட்டுமா?” என்று நிலத்தைப் பார்த்தபடியே கேட்டான்.

“கடன் பட்டவன் கட்டத்தானே வேண்டும், தம்பி?” என்று நாம் சற்றுக் கடிந்தே சொன்னோம். தாயின் வைத்தியத்துக்குப் பணம் போய்விட்ட கதை எமக்குப் பின்னரே தெரியவந்தது.

மறுநாள் அவனுடன் கம்பனியின் வளவுக்குப் போனோம். மூன்று தவணையும் தாமத வட்டியும் கேட்டார்கள், அது நியாயமே. அதற்கு மேல் வண்டியைப் பிடித்தவர்களுக்கு ஒரு கட்டணம், ஏற்றி வந்த லொறிக்கு ஒரு கட்டணம், வளவில் நிற்பதற்கு நாள் வாடகை! அங்கே வண்டி நிற்க நிற்க வாடகை ஏறுகிறது. இங்கே வண்டியின்றி வருவாய் இறங்குகிறது. பதினொரு நாள் கழித்து, மனைவியின் காப்புகளை அடகு வைத்து அவன் வண்டியை மீட்டான். அப்பணத்தில் பாதி இந்த மேற்செலவுகளுக்கே போயிற்று. அந்தப் பாதியால் அவன் கடன் ஒரு சதமும் குறையவில்லை. அவனைக் கடிந்த எம் சொல்லை எண்ணி நாம் வெட்கமடைந்தோம்.

நிற்க. சட்டம் இதனை அறியாததன்று. 1889ஆம் ஆண்டின் குடியியல் நடைமுறைச் சட்டக்கோவை, தீர்ப்புக் கடனுக்காகக் கூடத் தொழிலாளியின் கருவிகளையும், உழவன் பிழைப்புக்கு வேண்டிய மாடுகளையும் விதைநெல்லையும் கைப்பற்றலாகாது என்கிறது. ஆனால் லீசிங் முறையில், கடன் தீரும்வரை வண்டி கம்பனியின் உடைமை. ஆகவே அந்தப் பழைய பாதுகாப்பு ஓட்டுநனை எட்டுவதில்லை.

அண்மைக் காலம் அவனைப் போன்றோரைப் பலமுறை வாட்டியது. 2020இல் முச்சக்கர வண்டிகளின் தவணைக்கு ஆறு மாத அவகாசம் கிடைத்தது. எனினும் தவணை தள்ளிப்போனதேயன்றித் தள்ளுபடியாகவில்லை. 2022 யூலையில் எரிபொருள் அட்டை வந்தபோது முச்சக்கர வண்டிக்கு வாரம் ஐந்து லீற்றரே கிடைத்தது. ஐந்து லீற்றரில் எத்தனை பயணம் போவது? எத்தனை தவணை கட்டுவது?

வறியவனையும் செல்வனையும் ஒரே தொகையால் அளப்பதன் விளைவை எம் மாத்தளை முன்னரே கண்டது. 1848இல் துப்பாக்கிக்கும் நாய்க்கும் கடைக்கும் வண்டிக்கும் ஆங்கில அரசு கட்டணம் விதித்தது. கொங்காலேகொட பண்டாவும் புரன் அப்புவும் தலைமை தாங்க, மக்கள் இங்கே கிளர்ந்தெழுந்தனர்.

கம்பனி கடனை விட்டுவிட வேண்டுமென்று நாம் கேட்கவில்லை. அதன் பணமும் பிறர் வைத்த வைப்புப் பணமே. வண்டியைப் பிடிக்குமுன் தக்க அறிவித்தல் தரலாம். முதல் சில நாட்களுக்கு வளவு வாடகையை விலக்கலாம். பிடிகூலிக்கு ஓர் உச்ச வரம்பு வைக்கலாம். அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில், குறைந்த வருவாயினருக்கு வண்டி இழுவைக் கட்டணத்தைக் குறைத்து வாங்குகிறார்கள். அங்கே இயல்வது இங்கே இயலாதா?

மாணவர்களே, நாளை நீங்களும் இத்தகைய பத்திரங்களில் கையொப்பமிடுவீர்கள். மாதத் தவணை எவ்வளவு என்று மட்டும் கேட்டு எழுந்துவிடாதீர்கள். தவறினால் என்னென்ன செலவு தலையில் விழும் என்பதையும் கேட்டறிந்து, அதன் பின்னரே பேனாவை எடுங்கள்.

இப்போது காலை ஏழு மணிக்கு அவன் வண்டி எம் வாசலில் நிற்கிறது. சென்ற வெள்ளிக்கிழமை முத்துமாரியம்மன் கோயிலில் அவன் மனைவியைக் கண்டோம். கும்பிட்ட கைகளில் காப்பில்லை.